நின்றுபோன பழைய செடான் காரை மீட்டெடுத்தல்

பல ஆண்டுகள் ஓடாமல் நின்றுவிட்ட பழைய காரைப் படிப்படியாகப் பழுது பார்த்து, மீண்டும் சாலையில் ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது கார் மீட்டெடுப்பு எனப்படும். ஆர்வலர்கள் இத்தகைய காரை 'புராஜெக்ட் கார்' என்று அழைக்கின்றனர். பின்புறம் தனி டிக்கி கொண்ட நான்கு கதவுக் கார் செடான் ஆகும். அதிலும் வேகத்துக்கும் இழுவைக்கும் பெயர்பெற்ற செடான்களே இந்தப் பணிக்கு அதிகம் தேடப்படுகின்றன. புதிதாக விற்ற காலத்தில் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்த இக்கார்கள், இன்று ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்கே கிடைப்பது இதற்கு முக்கியக் காரணம்.

வாங்கும் விலை குறைவு என்பதாலேயே பலர் இதில் அவசரமாக இறங்கிவிடுகின்றனர். பெயின்ட், அலாய் சக்கரம், சைலன்சர் என்று வெளியில் தெரியும் வேலைகளில் பணம் முதலில் தீர்ந்துபோகிறது. பிரேக்கும் ஆவணமும் கடைசிக்குத் தள்ளப்படுவதால் கார் மறுபடியும் கொட்டகையிலேயே நின்றுவிடுகிறது. மீட்டெடுப்பு முடிவு பெறுமா, பாதியில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது செலவிடும் தொகையைவிட, வேலைகளைச் செய்யும் வரிசைதான். அந்த வரிசையையும் அதற்கான காரணங்களையும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ்நாட்டில் உருவான கார்கள்

மீட்டெடுப்புக்குத் தேடப்படும் பழைய கார்களில் சில தமிழ்நாட்டிலேயே தயாரானவை.

ஸ்டாண்டர்ட் 2000: சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985இல் இதை அறிமுகம் செய்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடலமைப்பைக் கொண்டது. ஆனால் உள்ளே இருந்தது பழைய வடிவமைப்பிலான 2 லிட்டர் இன்ஜின். தோற்றத்துக்கு ஏற்ற திறன் இல்லாததால் விற்பனை எடுபடவில்லை. சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றது.

மிட்சுபிஷி லான்சர்: இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் தயாரித்தது. 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் பரவலாக விற்றது. 2006இல் அதே ஆலையிலிருந்து 2 லிட்டர் இன்ஜின் கொண்ட லான்சர் சீடியா வந்தது. இந்தியத் தேசிய ராலிப் போட்டிகளில் எம்.ஆர்.எஃப். அணி சீடியாவை ஓட்டியதால், அந்தக் கார் இளைஞர்களிடையே தனிப் புகழ் பெற்றது.

ஃபோர்டு ஐகான்: செங்கல்பட்டு அருகே உள்ள மறைமலை நகர் ஆலையில் தயாராகி 1999 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. இதன் 1.6 லிட்டர் ரோகேம் பெட்ரோல் இன்ஜின் சுமார் 92 குதிரைத்திறன் தந்தது. ஒரு டன் அளவிலான எடைக்கு அக்காலத்தில் இது கணிசமான திறன். ஸ்டீயரிங் துல்லியமும் சாலைப் பிடிப்பும் இதன் சிறப்புகள். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகரில் உற்பத்தி 2022இல் முடிந்தது.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை தயாரான கான்டெஸ்ஸாவும் தமிழ்நாட்டு ஆர்வலர்களிடம் புகழ் பெற்றது. பின்சக்கர இழுவை கொண்ட இக்காரில் பின்னாளில் பொருத்தப்பட்ட 1.8 லிட்டர் இசுசு இன்ஜின்தான் அதற்கு வேகக் கார் என்ற பெயரைத் தந்தது.

முதன்முறை மீட்டெடுப்பில் இறங்குபவருக்கு அரிய காரைவிட அதிகம் விற்ற காரே ஏற்றது. கதவுக் கண்ணாடி, விளக்கு, டேஷ்போர்டு போன்றவை கடையில் புதிதாகக் கிடைக்காது. இன்னொரு பழைய காரிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். ஐகான், லான்சர் கார்களுக்கு அவ்வாறு எடுக்க வாய்ப்பு உண்டு. ஸ்டாண்டர்ட் 2000க்கு ஒவ்வொரு பாகத்தையும் தேடி அலைய வேண்டும்.

முதலில் ஆவணம்

இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். ஆவணம் சரியில்லாத காரை எவ்வளவு நன்றாகப் பழுது பார்த்தாலும் சாலையில் ஓட்ட முடியாது.

1. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் பொறிக்கப்பட்டுள்ள எண்களுடன் ஒத்திருக்க வேண்டும். துருவால் எண் அழிந்திருந்தாலும், இன்ஜின் மாற்றப்பட்டு ஆர்.சி.யில் பதியப்படாமல் இருந்தாலும் ஆய்வின்போது சிக்கல் வரும்.
2. கார் கடன் முடிந்தும் வங்கியின் பெயர் ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருக்கலாம். வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் இதற்குத் தேவை. கடன் தந்த நிதி நிறுவனமே மூடப்பட்டிருந்தால் இந்த ஒரு வேலைக்கே பல மாதம் ஆகலாம்.
3. விற்பவர்தான் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளரா என்று பார்க்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசின் பெயருக்கு மாற்றிய பிறகே வாங்குவது நல்லது.
4. நிலுவை அபராதங்கள், காப்பீடு ஆகியவற்றின் நிலையைப் பரிவாகன் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் உருவானது. அரியலூர் 2007இல் நிலையான தனி மாவட்டமானது. எனவே இப்பகுதியின் பழைய கார்களில் பெரம்பலூரின் டிஎன் 46, அரியலூரின் டிஎன் 61 ஆகிய எண்களோடு, திருச்சியின் டிஎன் 45, சென்னை எண்கள் ஆகியவற்றையும் காணலாம். பதிவு எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உள்ளது என்பதை வாங்கும் முன்பே அறிந்துகொண்டால் பின்னாளில் அலைச்சல் குறையும்.

பதிவுப் புதுப்பிப்பும் கட்டணமும்

சொந்தப் பயன்பாட்டுக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் படிவம் 25 வழியாக விண்ணப்பித்து, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காரைக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி தனி.

15 ஆண்டு கடந்த காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பதிவு காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் தாமதக் கட்டணமும் சேரக்கூடும். காரை வாங்கும் முன் அலுவலகத்தில் மொத்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கார்களுக்கு இத்தொகை வாங்கும் விலையில் பெரும் பங்கை எட்டிவிடும்.

தில்லியில் உள்ளது போன்ற வயது சார்ந்த கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை. தகுதி ஆய்வில் தேறினால் 25 ஆண்டு ஆன காரும் ஓடலாம். 'விண்டேஜ்' பதிவு என்பது வேறு. 2021இல் வந்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், உடல், இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கே அது உரியது. 1984இல் வந்த முதல் கான்டெஸ்ஸாகூட 2034இல்தான் அந்த வயதை எட்டும்.

நிற்கும் காரில் கெடுபவை

ஓடித் தேய்ந்த காரைவிட ஓடாமல் நின்ற காரிலேயே பழுது அதிகம். கிலோமீட்டர் கணக்கு குறைவாக இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

பெட்ரோல்: சில மாதங்களிலேயே அதன் இலகுவான பகுதி ஆவியாகி, எஞ்சியது பிசினாகத் திரிந்து பம்பையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். காலி டேங்கில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும்.

பிரேக் ஆயில்: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். நீர் கலந்த நிலையில் அது 155 டிகிரி வரை இறங்கலாம். நீர் சேர்ந்த எண்ணெய் உள்ளிருந்தே சிலிண்டரையும் காலிப்பர் பிஸ்டனையும் துருப்பிடிக்கச் செய்து இறுக்கிவிடும்.

இன்ஜின்: சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் வடிந்துபோய், பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும்.

கிளட்ச்: தட்டு ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். மிதியை அழுத்தினாலும் கியர் விழாது.

டயர்: பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டு, பக்கச் சுவரில் வெடிப்பு விடும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 2312 என்றால் 2012ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்தாண்டு கடந்த டயரைத் தோற்றம் எப்படியிருந்தாலும் மாற்ற வேண்டும்.

ஒயரிங்: வயல் ஓரத்திலும் கொட்டகையிலும் நின்ற கார்களில் எலி கடித்த ஒயர்கள் பொதுவானவை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் ஏ.சி. குழாய்க்குள்ளும் எலிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உடல் பகுதியில் துரு தேட வேண்டிய இடங்கள்: பேட்டரி தட்டு, முன் ஷாக் அப்சார்பர் பொருந்தும் மேல்பகுதி, கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி, கால்மிதியின் அடித்தகடு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி. சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால் தகட்டில் ஒட்டும், தடித்த பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. கதவில் துரு என்றால் டிங்கரிங் போதும். ஷாக் அப்சார்பர் தாங்கும் பகுதியே அரித்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவதே அறிவுடைமை.

பெரம்பலூர், அரியலூர்ச் சூழல்

கடலோர உப்புக்காற்று இல்லாததால், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நின்ற கார்களைவிட இப்பகுதிக் கார்களின் தகடு பொதுவாகத் தப்பித்திருக்கும். ஆனால் இங்கு வேறு மூன்று தொல்லைகள் உண்டு.

முதலாவது தண்ணீர். தொன்மையான கடற்படிவுகளால் ஆன அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய நிலத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் உப்புகள் அதிகம் கரைந்திருக்கும். அதை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டினால், சூடேறும்போது உப்பு பிரிந்து, சோறு வடிக்கும் பாத்திரத்தின் அடியில் படிவது போல இன்ஜினின் நீர்வழிகளில் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்ளும். படிவம் வெப்பத்தைக் கடத்தாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். கோடையில் 40 டிகிரியை எட்டும் வெயிலில் இது ஹெட் கேஸ்கட் எரிவதில் முடியும். ஐகானின் ரோகேம் இன்ஜினில் தெர்மோஸ்டாட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு வயதானால் வெடித்துக் கசிவது அறிந்த குறை. எனவே அந்தக் காரில் இக்கூட்டைக் கேள்வியின்றி மாற்றிவிடுவது நல்லது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வாலை வடிநீரும் கூலண்டும் கலந்து மட்டுமே நிரப்ப வேண்டும்.

இரண்டாவது தூசி. சுண்ணாம்புச் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் லாரிகளும் உள்ள பகுதியில் நின்ற கார்மீது படியும் தூசி காரத்தன்மை கொண்டது. பனியிலும் தூறலிலும் நனைந்தால் கெட்டிப்பட்டு பெயின்ட்டைக் கடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போலக் கீறும். முதலில் நிறைய தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டும். கெட்டியான படிவத்தை நீர் கலந்த வினிகரால் மெல்லக் கரைத்து, உடனே கழுவிவிட வேண்டும். கண்ணாடி வைப்பரையும் தூசியைக் கழுவாமல் இயக்கக் கூடாது. ஏர் ஃபில்டரை வழக்கத்தைவிட அடிக்கடி மாற்ற வேண்டும்.

மூன்றாவது சாலை. கனரக லாரிகள் ஓடும் சாலைகளில் குழிகள் அதிகம். பழைய செடான்களின் அடிப்பகுதி தாழ்வானது. சஸ்பென்ஷன் புஷ், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் ஆகியவை தேய்ந்த நிலையில் வேகமாக ஓட்டுவது ஆபத்தானது. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தும் வழக்கம் இச்சாலைகளுக்கு அறவே பொருந்தாது.

வேலைகளின் வரிசை

காரை வாங்கிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்ய முயல்வதும், கயிறு கட்டி இழுத்து வருவதும் தவறு. பிரேக் பிடிக்காத காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். பட்டறைக்கு வந்தபின் பின்வரும் வரிசை பாதுகாப்பானது.

1. பிரேக்
2. குளிரூட்டும் அமைப்பு
3. எரிபொருள் அமைப்பு
4. ஒயரிங்கும் பேட்டரியும்
5. இன்ஜினின் முதல் இயக்கம்
6. டயர், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன்
7. பதிவுப் புதுப்பிப்பு
8. டிங்கரிங், பெயின்ட், உள் அலங்காரம்
9. திறன் கூட்டும் வேலைகள்

பிரேக் முதலில் வருவதற்குக் காரணம் எளிது. இன்ஜின் உயிர்பெற்றவுடன் காரை நகர்த்திப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். அப்போது நிற்கும் திறன் காருக்கு இருக்க வேண்டும். பெயின்ட் கடைசியில் வருவதற்குக் காரணம், இன்ஜினை இறக்கும்போதும் தகட்டை வெல்டிங் செய்யும்போதும் புதிய பெயின்ட் பாழாகும் என்பதே.

காரின் அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைத்தே படுக்க வேண்டும். செங்கல், ஹாலோபிளாக் போன்றவை எச்சரிக்கையின்றி உடையும்.

இன்ஜினின் முதல் இயக்கம்

நீண்ட காலம் நின்ற இன்ஜினை நேரடியாகச் சாவி போட்டுச் சுழற்றினால், எண்ணெய் இல்லாத சுவரில் ரிங்குகள் உரசிக் கீறல் விழும். சரியான முறை பின்வருமாறு:

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிதளவு இன்ஜின் ஆயில் விட்டு ஒருநாள் ஊறவிட வேண்டும். மறுநாள் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். இரண்டு முழுச் சுற்று தடையின்றிச் சுழன்றால் நல்ல அறிகுறி. எங்கேனும் இறுகினால் பலவந்தம் செய்யாமல் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே முறை.

பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். டேங்கை இறக்கிக் கழுவி, புதிய எரிபொருள் ஃபில்டர் பொருத்த வேண்டும். லான்சரின் 1.5 இன்ஜினில் டைமிங் பெல்ட் உள்ளது. பெல்ட்டின் ரப்பர் ஓடாமல் நின்றாலும் மூப்படையும். அதை முதல் இயக்கத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். ஐகானின் ரோகேம் இன்ஜினில் டைமிங் செயின் இருப்பதால் இந்தக் கவலை குறைவு.

அடுத்து எரிபொருள் பம்பின் பியூஸை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் சுழற்ற வேண்டும். ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு இதைச் செய்தால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறிவிடும். இந்த நிலையிலேயே கம்ப்ரஷன் அளவையும் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும். எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பழுது.

பிறகே பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை அழுத்தக் கூடாது. வெப்பநிலை முள், ஆயில் விளக்கு, கசிவு, புகையின் நிறம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவதையும், நிற்காத வெள்ளைப் புகை தண்ணீர் உள்ளே கசிவதையும், கரும்புகை பெட்ரோல் மிகுவதையும் காட்டும்.

இ20 பெட்ரோல்

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. 1990களிலும் 2000களிலும் வந்த கார்கள் இதற்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் குழாய்களை மென்மையாக்கி வெடிக்கச் செய்யும். டேங்கில் ஒட்டியிருந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். எனவே மீட்டெடுக்கும் காரில் டேங்கிலிருந்து இன்ஜின்வரை எல்லா ரப்பர் குழாயையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும். காரை மாதக் கணக்கில் நிறுத்துவதானால் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்கக் கூடாது. பழைய குழாயில் ஏற்படும் கசிவு தீவிபத்துக்கு வழிவகுக்கும் என்பதால், தீயணைப்பான் ஒன்றைப் பட்டறையிலும் காரிலும் வைத்திருப்பது அவசியம்.

உதிரிபாகமும் தொழிலாளரும்

சென்னை புதுப்பேட்டை பழைய வாகன உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற சந்தை. பெரம்பலூர் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இருப்பதால் அங்கிருந்து பாகங்களை வரவழைப்பது கடினமல்ல. ரீபோர், ஹெட் சமப்படுத்தல் போன்ற துல்லிய லேத் வேலைகளுக்கும், இன்ஜெக்டர் சுத்திகரிப்புக்கும் திருச்சி அருகில் உள்ளது. உற்பத்தியை நிறுத்தியபோது உதிரிபாக விற்பனையும் பராமரிப்புச் சேவையும் தொடரும் என்று ஃபோர்டு அறிவித்தது. எனவே ஐகானின் சில பாகங்களை நிறுவன வழியிலும் விசாரிக்கலாம்.

சிமென்ட் லாரிகளை நம்பிப் பிழைக்கும் பட்டறைகள் அரியலூரில் நிறைய உண்டு. வெல்டிங், ரேடியேட்டர், பட்டை, டிங்கரிங் வேலைகளில் தேர்ந்தவர்களை அங்கே காணலாம். ஆனால் சென்சார் கொண்ட பெட்ரோல் இன்ஜினுக்கு வேறு பழக்கம் வேண்டும். சென்சார் பழுதை ஸ்பேனரால் கண்டுபிடிக்க முடியாது. மல்டிமீட்டரும், அந்தக் காருக்கான ஒயரிங் வரைபடமும் தேவை. இயந்திரவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சிக் களம். பட்டறைக்காரரின் கைப்பழக்கமும் மாணவரின் வரைபட அறிவும் சேர்ந்தால் பல வேலைகள் உள்ளூரிலேயே முடிந்துவிடும்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் பெயரெழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மாட்டும்போது நினைவு உதவாது. பழைய பாகம் கெட்டுப்போயிருந்தாலும், புதியது சரியாகப் பொருந்தி ஓடும்வரை அதைத் தூக்கி எறியக் கூடாது.

திறன் கூட்டுதலும் சட்டமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. இன்ஜின் பழுதாகி அதே வகை இன்ஜினைப் பொருத்தினாலும் பதிவு அதிகாரியின் ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஒப்புதலற்ற மாற்றம் இருந்தால், விபத்து நேர்ந்தபின் காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படவும் வாய்ப்புண்டு.

நடைமுறையில் இவ்வகைக் காருக்குத் திறன் கூட்டுவதைவிட, இழந்த திறனை மீட்பதே பெரிய வேலை. புதிய பிளக், சுத்தமான இன்ஜெக்டர், சரியான கம்ப்ரஷன், அடைப்பில்லாத சைலன்சர், இறுகாத பிரேக், சீரான வீல் அலைன்மென்ட் ஆகியவை அமைந்தால், 1.6 ஐகான் தன் பழைய ஓட்டத்தைத் திரும்பப் பெறும். அதற்கு மேலும் வேகம் தேடுவோர்க்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. பொதுச்சாலை அதற்கான இடமல்ல. இந்தத் தலைமுறைக் கார்கள் பலவற்றில் காற்றுப்பைகள் இல்லை என்பதால், பின் இருக்கை உட்பட எல்லா இருக்கைப் பட்டைகளையும் புதுப்பிப்பது கட்டாயம்.

செலவைத் திட்டமிடுதல்

செலவை நான்கு பங்காகப் பிரித்து வைப்பது வசதியானது: வாங்கும் விலை, ஆவணச் செலவு, ஓடுவதற்கும் நிற்பதற்கும் தேவையான வேலை, தோற்ற வேலை. முதல் மூன்றுக்கும் பணம் கையில் இல்லாமல் தொடங்கக் கூடாது. தோற்ற வேலையைக் கார் ஓடத் தொடங்கிய பிறகு சிறிது சிறிதாகச் செய்யலாம். எதிர்பாராத பழுதுக்கென ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். கழற்றிய பின்னரே தெரியவரும் பழுதுகள் எல்லாப் பழைய காரிலும் உண்டு. மீட்டெடுத்த காரை விற்று லாபம் பார்ப்பது அரிது. போட்ட பணம் பெரும்பாலும் திரும்பாது என்று தெரிந்தே இதில் இறங்க வேண்டும்.

கைவிட வேண்டிய நிலை

சேஸிஸ் எண் அழிந்திருந்தாலோ, உரிமை ஆவணம் தெளிவில்லாமல் இருந்தாலோ, அடித்தகடும் ஷாக் தாங்கும் பகுதியும் அரித்திருந்தாலோ அந்தக் காரை ஓட்டும் காராக மீட்க முயல்வது வீண். உரிமையாளர் அதை அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்று, பதிவை நீக்கிக்கொள்ளலாம். பதிவை நீக்காமல் பழைய இரும்புக்கு விற்றால், அதன் எண்ணும் ஆர்.சி.யும் திருட்டு வாகனத்துக்குப் பயன்பட வாய்ப்புண்டு.

மீண்டும் ஓடத் தொடங்கிய காருக்கு வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேர ஓட்டம் தேவை. அதில் இன்ஜின் முழுச் சூடு அடையும், ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகும், பேட்டரி ஏறும், பிரேக் இறுகாது. எடுத்துக்காட்டாக, பெரம்பலூரிலிருந்து அரியலூர் சென்று திரும்பும் தொலைவே இதற்குப் போதுமானது. கொட்டகையில் மறுபடியும் மாதக் கணக்கில் நின்றால், மேலே சொன்ன பழுதுகள் எல்லாம் அதே வரிசையில் திரும்பி வரும்.